மந்திரி துரை குடிக்காத தே-ஓ!

"ஐயோ...! யாராச்சும் ஓடியாங்களேன்...!"

காலை மணி ஏழு இருபது.

புக்கிட் காபுட் தோட்டத்து மேட்டு பங்களாவிலிருந்து கிளம்பிய அந்த அலறல், பனியைக் கிழித்துக்கொண்டு கீழே தேயிலைத் தொழிற்சாலை வரை வந்தது.

கையில் சாம்பிள் தட்டோடு நின்ற சசிரேகா, அதை அப்படியே தரையில் போட்டாள்.

அலறியது அவள் அம்மா!

சசிரேகாவைப் பற்றி நாலு வரி. வயது இருபத்து நான்கு. வேதியியல் பட்டதாரி. நான்கு வருடம் படித்துவிட்டு, பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்து, தேயிலையில் ஈரம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருப்பவள். வெட்கம் ஜாஸ்தி. பஸ்ஸில் மணி அடிக்க வெட்கப்பட்டு, ரிங்லெட்டில் இறங்க வேண்டியவள் தாப்பா வரை போய்த் திரும்பியிருக்கிறாள்.

ஒரு தடவை அல்ல. மூன்று தடவை!

இப்போது வெட்கப்பட நேரமில்லை. ஓடினாள்.

பங்களாவுக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். அறுபதாவது படியில் மூச்சு முட்டியது. எண்பதாவது படியில், பள்ளி விளையாட்டு தினங்களில் தான் எப்போதும் மார்க் எழுதும் மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

முன்னறைக்குள் பாய்ந்தாள்.

பெரிய நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில்...

மந்திரி துரை!

ஆறடி உயரம், நூற்றுப் பத்துக் கிலோ உடம்பு தரையில் குப்புறக் கிடந்தது. சட்டையெல்லாம் வாந்தி. உதடு இரண்டும் கறுப்பு. மேசையில் பாதி குடித்த கோப்பை.

கோப்பைக்குள் இருந்தது தேநீர் இல்லை. பேனா மை போல ஏதோ ஒன்று!

"சசி... நா ஒண்ணும் பண்ணல புள்ள..." அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். புனிதா. பதினோரு வருடமாக இந்த பங்களாவின் சமையல்காரி. "வழக்கம்போல ஆறரைக்குத் தே-ஓ கொண்டாந்து வெச்சேன். பால் ஊத்தாம, சீனி கொறச்சு. இப்ப கோப்பைய எடுக்க வந்தா, இப்பிடிக் கெடக்கறாரு..."

"உயிர் இருக்கா?"

"நீதானே படிச்சவ... பாருடி!"

சசிரேகா குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். துடித்தது! நிமிடத்துக்கு நூற்று முப்பது!

அது தன் கட்டைவிரல் நாடி என்பது பத்து விநாடி கழித்துத்தான் உறைத்தது.

விரலை மாற்றி வைத்துப் பார்த்தாள்.

மெல்ல... மிக மெல்ல...

"இருக்கும்மா! உயிர் இருக்கு! ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு!"

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது.

ஒல்லியான கிழவர். கையில் வெள்ளைக் கைக்குட்டை. காலணியில் ஈர மண். மந்திரியின் செயலாளர் பாட்ரிக்.

தரையில் கிடந்தவரைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். பிறகு, விரலை நீட்டினார்.

அம்மாவை நோக்கி!

"விஷம்!" என்றார். "இந்தப் பெண்மணி என் மந்திரிக்கு விஷம் கொடுத்துவிட்டாள்!"

(அவர் பேசியது ஆங்கிலம். நமது வசதிக்காகத் தமிழ்.)

* * *

யார் இந்த மந்திரி துரை?

பெயர் எமானுவேல் அக்போ. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. எந்த நாடு என்பது வேண்டாம், தூதரகம் கோபித்துக்கொள்ளும்.

கொக்கோ விவசாயியின் மகன். பள்ளிக்கூட வாத்தியார். தொழிற்சங்கத் தலைவர். இருபத்தொன்பது வயதில் எம்.பி. முப்பத்து மூன்றில் விவசாய மந்திரி. அப்புறம் ராணுவப் புரட்சி. பதினான்கு மாதம் சிறை. வெளியே வந்ததும், சிறையில் போட்ட அதே ஜெனரலிடம் வணிக மந்திரி! மறுபடி புரட்சி. மறுபடி மந்திரி. துறைமுகம்... உள்நாடு... நிதி...

நான்கு ஜனாதிபதிகள். இரண்டு புரட்சிகள். ஐந்து இலாகாக்கள்.

விவசாய மந்திரியாக இருந்தபோது மலேசியா வந்து, இதே தோட்டத்தில் நாற்றங்கால் கொட்டகையைத் திறந்து வைத்தாராம். அதற்குச் சாட்சியாக ஒரு சலவைக்கல் இன்னும் அங்கே நிற்கிறது. இப்போது வயது எழுபத்து மூன்று. பதவி இல்லை. சுயசரிதை எழுத இடம் தேடியவர், இரண்டு மாதம் முன்பு செயலாளரோடு வந்து மேட்டு பங்களாவை வாடகைக்கு எடுத்தார்.

டைப் அடிக்க ஆள் கேட்டார்கள். தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ராதாகிருஷ்ணன், "நம்ம சசி இருக்கே. வாயே தொறக்காது, சார்!" என்று சிபாரிசு செய்தார்.

வாழ்நாளில் சசிரேகாவின் வெட்கத்துக்குக் கிடைத்த முதல் பதவி அதுதான்.

தினமும் மாலை ஐந்து முதல் ஏழு. செயலாளர் கையால் எழுதிய தாள்களை நீட்டுவார். மந்திரி பெரிய நாற்காலியில் சாய்ந்து அதை உரக்கப் படிப்பார். அவள் டைப் அடிப்பாள். தாளையே என்னிடம் கொடுத்தால் பார்த்து அடித்துவிடுவேனே என்று முதல் நாளே தோன்றியது. கேட்க வெட்கம். பெரிய மனிதர்கள் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டாள்.

இருநூற்றுப் பதினான்கு பக்கம். பதினொரு அத்தியாயம். அக்போவின் அரசியல் வாழ்க்கை அவளுக்குத் தன் அடையாள அட்டை ஐ.சி. நம்பரைவிட நன்றாகத் தெரியும்.

இணையத்திலும் தேடிப் பார்த்தாள். கிடைத்ததெல்லாம் பழைய படங்கள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, ஒல்லி உடம்பு. 'அம்மா சமையலில் எப்படி ஊதிவிட்டார்!' என்று பெருமைகூடப் பட்டாள்.

* * *

எட்டே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் மந்திரியைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தது. ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் யோகேந்திரன் வந்து இறங்கினார். ஸ்வெட்டருக்குள் சீருடை. தூக்கம் கலையாத கண்கள். அந்தக் கண்களுக்கு எதுவும் தப்பாது.

பின்னாலேயே கிராணி ராதாகிருஷ்ணன் மோட்டாரில் வந்தார். வந்ததும் வராததுமாய் அம்மாவிடம் பாய்ந்தார்.

"என்னா புனிதா இது? மேனேஜருக்கு என்னா பதில் சொல்றது?"

"நா ஒண்ணும் பண்ணல கிராணி ஐயா..."

"பண்ணியோ இல்லையோ... போலிஸ் உன்னைக் கூட்டிட்டுப் போனா இன்னைக்கே வேலை போச்சு. வேலை போனா லைன் வீடு போச்சு. ரூல்ஸ் அப்படி லா. நா என்னா பண்ண?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தோட்டம் கொடுத்த அந்த லைன் வீட்டில்தான் அப்பா செத்தார். அந்த வீட்டு அடுப்படி விளக்கில்தான் சசிரேகா படித்தாள். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது.

இன்ஸ்பெக்டர் கோப்பையைக் குனிந்து பார்த்தார். "இது என்னா எழவு? தார் மாதிரி இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை.

ஒருத்திக்குத் தெரியும். அவள் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

'சொல்... வாயைத் திற... அம்மாவுக்காக!'

"சார்..."

"யாரு?"

"சார்... நா அவங்க மக. கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேன். இது... இரும்பு சார்."

"இரும்பா?"

"தேயிலையில டானின்னு ஒண்ணு இருக்கு. அதுல இரும்புச் சத்து சேந்தா கறுத்துடும். அந்தக் காலத்துல இப்படித்தான் மை செஞ்சாங்க. இரும்புச் சத்து அளவுக்கு மீறிப் போனா, அதுவே விஷம் சார்."

பதினெட்டு வருடப் படிப்பில் முதல் முறையாக நாலு பேர் அவள் பேச்சைக் கேட்டார்கள். சசிரேகாவுக்குக் காது சிவந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

செயலாளர் பாட்ரிக் தொண்டையைக் கனைத்தார்.

"இரும்புச் சத்தா? மன்னிக்க வேண்டும் இன்ஸ்பெக்டர்... சமையலறையில் அப்படி ஒரு மாத்திரைப் புட்டியைப் பார்த்த ஞாபகம்."

கான்ஸ்டபிள் உள்ளே போனான். குப்பைக் கூடையைக் கவிழ்த்தான்.

வந்தான். கையில் ஒரு காலிப் புட்டி!

இன்ஸ்பெக்டர் லேபிளைப் படித்தார்.

"இரும்பு மாத்திரை. தொண்ணூறு. போன திங்கக்கிழமை கிளினிக்ல குடுத்தது. பேரு... புனிதா."

கிராணி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்கு ரத்தம் கம்மின்னு நர்ஸ் குடுத்ததுய்யா," என்றாள் அம்மா மெதுவாக. "நேத்து ராத்திரிகூட முக்காப் புட்டி இருந்துச்சு." பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள். "உன்னைப் படிக்க வெச்சதுக்கு நல்லா செஞ்சே சசி!"

விஞ்ஞானம் வென்றது!

அம்மா மாட்டினாள்.

* * *

பெண் போலீஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

"அதுக்குள்ள எல்லாருக்கும் தே-ஓ போட்டுறேன்யா," என்று எழுந்தாள் அம்மா. "பங்களாவுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பிப் பழக்கமில்ல."

"விஷம் வெச்சதா சொல்ற ஆள் கையாலயே தேத்தண்ணியா?" கிராணி அலறினார்.

"கான்ஸ்டபிள் கூட நிக்கட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர். "குளுரா இருக்கு லா."

தட்டில் ஐந்து கிளாஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

அம்மாவின் குரல்!

இன்ஸ்பெக்டரின் கை அந்தரத்தில் நின்றது. கான்ஸ்டபிள் இடுப்பைத் தடவினான்.

அம்மா ஒரு கிளாஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"நெறம் செத்துப் போயிருக்கு. மழையில பைப்பு தண்ணியில துரு வந்திருக்கும். இருங்கய்யா... இத ஊத்திட்டு, டிரம்முல புடிச்ச தண்ணியில வேற போட்டுட்டு வரேன்."

ஐந்து கிளாஸையும் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி உள்ளே போனாள். இன்னும் பதினைந்து நிமிடத்தில் போலீஸ் ஜீப்பில் ஏறப்போகிறவள்!

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர் ஏமாற்றமாக.

"உங்களுக்கு நல்லா இருக்கும்," என்றார் கிராணி. "தோட்டத்துப் பொம்பளைங்க விட மாட்டாங்க சார். கொழுந்து பறிச்ச கை. நெறம் போன தேத்தண்ணிய நாய்க்குக்கூட ஊத்த மாட்டாங்க. கண்ணு தானா கண்டு..."

கிராணி பேசிக்கொண்டே இருந்தார்.

சசிரேகாவுக்கு எதுவும் காதில் விழவில்லை.

தலைக்குள் ஏதோ ஒன்று 'டிங்' என்று அடித்தது. பஸ் மணி!

துருவின் நிழல் விழுந்ததற்கே ஐந்து கிளாஸைக் கொட்டுகிற அம்மா... தார் போலக் கறுத்த தே-ஓவைத் தட்டில் வைத்து மந்திரிக்குக் கொண்டு போவாளா?

மாட்டாள்! விஷம் வைக்கவே நினைத்திருந்தாலும், மாட்டாள்! கொட்டிவிட்டு வேறு போட்டு, அதில் வைத்திருப்பாள்!

அப்படியானால், கோப்பை சமையலறையை விட்டுப் போகும்போது தே-ஓ சிவப்பாகத்தான் இருந்தது. மேசைக்குப் போன பிறகுதான் கறுத்தது. கலந்தவருக்குத் தேயிலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொக்கோ நாட்டுக்காரர். கொக்கோவில் எதைக் கலந்தாலும் நிறம் தெரியாது...

கண்கள் தாமாகவே செயலாளர் பக்கம் திரும்பின.

பாட்ரிக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்து டிகிரிக் குளிரில் வியர்வை!

ஆனால்... ஏன்? பதினைந்து வருட விசுவாசி. தினமும் காலையில் நாற்றங்காலுக்கு நடந்து போய், மந்திரி பெயர் பொறித்த கல்லில் பாசியைத் துடைத்துவிட்டு வருகிற மனிதர். நாலாவது அத்தியாயத்தில் மந்திரி தன் சிறைவாசத்தைக் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தபோது, ஓரமாக நின்று கண்ணைத் துடைத்த மனிதர். தேயிலைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அன்று சசிரேகா ஜன்னலைக்கூடச் சாத்தினாள்...

ஒரு நிமிஷம்!

கொட்டாவி விட்டது யார்? அழுதது யார்?



பைத்தியக்கார யோசனை. தவறாகப் போனால் தோட்டமே சிரிக்கும்.

இப்போது மணி அடிக்காவிட்டால், அம்மா இறங்கப்போவது போலீஸ் ஸ்டேஷனில்!

"சார்..." குரல் எலி போல வந்தது. "மந்திரியோட புஸ்தகத்துல ஒரு பக்கம் படிக்கட்டுமா?"

"இப்பவா?" இன்ஸ்பெக்டர் புருவம் உயர்ந்தது.

"எங்கம்மா உங்க ஜீப்ல ஏறிட்டா அப்புறம் யாரு சார் கேப்பாங்க? அஞ்சு நிமிஷம். செயலாளர் சரியா இருக்கான்னு சொன்னாப் போதும்."

இன்ஸ்பெக்டர் அவளை உற்றுப் பார்த்தார். என்ன கண்டாரோ, உட்கார்ந்தார்.

"படி தங்கச்சி."

சசிரேகா தாளை எடுத்தாள். அதில் இல்லாததைப் படித்தாள், ஆங்கிலத்தில்.

"முதல் தேர்தலில் அக்போ வெறும் நாற்பது ஓட்டில் ஜெயித்தார்..."

"நாலாயிரம்," என்றார் பாட்ரிக். "தவறாக டைப் அடித்திருக்கிறாய், பெண்ணே."

"ஸாரி சார். திருத்திடறேன்." அடுத்த தாள். "சிறையில் இருந்த பதினான்கு மாதமும் அவர் ஆஸ்பத்திரி வார்டில் மெத்தையில் படுத்து, கோழி சாப்பிட்டுக் கழித்தார்..."

பாட்ரிக்கின் தாடை இறுகியது. கைக்குட்டை கசங்கியது. "அது... அப்படி இல்லை. சிமெண்டுத் தரை."

"ஸாரி." அடுத்த தாள். "மலேசியத் தேயிலைத் தோட்டத்தில் நாற்றங்கால் கொட்டகையைத் திறந்தது மந்திரி அல்ல. வயிற்றுப்போக்கால் அவர் ஹோட்டலை விட்டு வர முடியவில்லை. அவருடைய உதவியாளர்தான் கல்லைத் திறந்து..."

"பொய்!"

நாற்காலி பின்னால் தெறித்து விழுந்தது. ஒல்லிக் கிழவர் எழுந்து நின்றார். உயரமே கூடிவிட்டது போலிருந்தது. மேடைக் குரல்!

"அயோக்கியத்தனமான பொய்! அந்தக் கல்லைத் திறந்தது இந்தக் கை! நான் திறந்தேன்! என் பெயர் அதில் இருக்கிறது! மூவாயிரம் தொழிலாளர் முன்னால் நாற்பது நிமிடம் பேசினேன்! நான்...!"

நின்றது.



"உங்க பேரு பாட்ரிக் ஆச்சே?" என்றார் இன்ஸ்பெக்டர், ரொம்ப மரியாதையாக.



"இவர்தான் சார் மந்திரி!" சசிரேகாவுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "ஆஸ்பத்திரியில கெடக்கறவரு டூப்பு! ஆறாவது அத்தியாயம் சார். ரெண்டாவது புரட்சியில தன் டிரைவருக்குத் தன் கோட்டைப் போட்டுத் தன் நாற்காலியில உக்கார வெச்சிருக்காரு. டிரைவரச் சுட்டுட்டாங்க. மந்திரி செத்துட்டார்னு ரேடியோவுல சொல்லிட்டாங்க. இவரு எல்லையத் தாண்டிட்டாரு. நானே டைப் அடிச்சேன் சார். கமா, புள்ளியெல்லாம் சரி பாத்தேன்... அர்த்தத்தை மட்டும் பாக்கல!"

"நான் செயலாளர். உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்," என்றார் கிழவர். அரசியல்வாதிக்குக் குரல் திரும்ப மூன்று விநாடி போதும். "நான் விஷம் வைத்தேன் என்பதற்கு என்ன ஆதாரம்?"

சசிரேகாவிடம் ஆதாரம் இல்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா புதுத் தே-ஓவோடு வந்தாள். தங்கச் சிவப்பு. ஆவி பறந்தது.

சசிரேகா கிளாஸைப் பார்த்தாள். கிழவர் கையில் இருந்த வெள்ளைக் கைக்குட்டையைப் பார்த்தாள். நெற்றியைத் துடைத்த மூலையில் லேசான பழுப்பு.

"சார்... அந்தக் கைக்குட்டை..."

இன்ஸ்பெக்டர் அதைக் கிழவர் விரல்களிலிருந்து மெதுவாக உருவினார். மேசையில் விரித்தார்.

சசிரேகா கிளாஸைச் சாய்த்தாள்.

சிவப்புத் தே-ஓ துணியில் பரவியது. நடுவில் ஒரு புள்ளி கறுத்தது. இன்னொரு புள்ளி... இன்னொன்று... பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைத் துணி நடுவே மையைக் கொட்டியது போலாகிவிட்டது!

"மாத்திரைய இதுல சுத்தி நசுக்கியிருக்காரு சார்!"

கிழவர் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை நிமிர்த்தி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"தேயிலை!" என்றார் கசப்பாக. "எங்கள் ஊர் கொக்கோவாக இருந்திருந்தால்..."

* * *

அறையைச் சோதித்தபோது எல்லாம் கிடைத்தது. பாட்ரிக் பெயரில் மறுநாள் விமானத்துக்கு ஒற்றை டிக்கெட். அக்போவின் நிதி மந்திரி காலத்து ஊழலை விசாரிக்க அவர் நாடு அமைத்த கமிஷனின் சம்மன். அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆஜராக வேண்டும்.

செத்தவனுக்குச் சம்மன் இல்லை. தோட்டம் முழுக்க "மந்திரி துரை" என்று கும்பிட்ட ஓர் ஆள் செத்துப் போனால், இரண்டு மாதமாக அவர் சுயசரிதையைக் கேட்டு டைப் அடித்த ஓர் அப்பாவிப் பெண்ணே அது மந்திரிதான் என்று சாட்சி சொல்வாள்!

அந்த வேலைக்குத்தான் வாய் திறக்காத ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

"பேரும் ஊரும் மாத்தத் தெரிஞ்ச ஆளு," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தக் கல்லு இருக்கிற தோட்டத்துக்கே ஏன் வந்தாரு? வேற எடமா இல்ல?"

"அவரு மந்திரி சார்," என்றாள் சசிரேகா. "பேரு போட்ட கல்லைக் கடைசியா ஒரு தடவை பாக்காமப் போக மனசு வராது."

ஜீப்பில் ஏறுமுன் கிழவர் திரும்பினார். விலங்கு பூட்டிய கையால் அவளைக் கூப்பிட்டார்.

"பன்னிரண்டாம் அத்தியாயம் போடு," என்றார். "'கைதானார்' என்று எழுதாதே. 'பொது வாழ்விலிருந்து தற்காலிகமாக ஓய்வு' என்று எழுது."

* * *

மாலையில் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டூப்பு மந்திரி கண் விழித்தார். நிஜப் பெயர் பாட்ரிக். தொழில், ஊரில் கல்யாண ஊர்வலங்களில் ராஜா வேஷம் கட்டுவது. மந்திரிக்கு உடம்பு சரியில்லை, விருந்தினர் முன் அவராக நடித்தால் போதும் என்று கிழவர் கூட்டி வந்தாராம்.

"அந்தக் கறுப்புக் கண்றாவிய ஏன் சார் குடிச்சீங்க?" என்று கேட்டாள் சசிரேகா. அவளுக்கே ஆச்சரியம், தானாகக் கேட்டுவிட்டாள்!

"இரண்டாம் அத்தியாயம்," என்றார் அவர் பலவீனமாக. "'எந்தக் கிராமத்தில் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடி. ஓட்டு கோப்பையின் அடியில் இருக்கிறது.' வேஷம் என்றால் ஒழுங்காகக் கட்ட வேண்டாமா? பாதிக்கு மேல் முடியவில்லை."

பிழைத்ததும் தேயிலையால்தான். இரும்பில் ஒரு பங்கை டானின் பிடித்துக்கொண்டதில் உடம்பில் சேர்ந்தது குறைவு என்று டாக்டர் சொன்னார். சசிரேகா "ஆமா, தெரியும்" என்று சொல்ல நினைத்தாள். ஏற்கெனவே அன்று ஒரு வருடத்துக்கான பேச்சைப் பேசியாயிற்று. சும்மா இருந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கிராணி ராதாகிருஷ்ணன் பழக்கூடையோடு நின்றார்.

"நா அப்பவே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், புனிதா அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு!"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்குப் பங்களாவுக்கு வாங்க கிராணி ஐயா. பைப்பு தண்ணியில ஒரு தே-ஓ போட்டுத் தரேன்."

வீடு திரும்பும் பஸ்ஸில் சசிரேகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்று கொலைகாரனையே பிடித்தவள்! ஒரு மணிக்கா பயம்? எழுந்தாள். எல்லோரும் பார்க்கும்படி, கணீரென்று அடித்தாள்.

ஒரு ஸ்டாப் முன்னாலேயே.

தாயும் மகளும் பனியில் ஒன்றரை மைல் நடந்தார்கள்.

"ஏ சசி," என்றாள் அம்மா, மூச்சு வாங்க. "எனக்கு இனிமே இந்தத் தே-ஓ வம்பே வேணாம்டி. அடுத்து எந்த மந்திரி வந்தாலும் கொக்கோதான் கலக்கிக் குடுப்பேன்."

சசிரேகா நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"கொக்கோ வேணாம்மா, அதுல எதக் கலந்தாலும் நெறமே தெரியாது... மந்திரிங்களுக்கு எப்பவும் வெறும் தண்ணியே குடு. அதுல மட்டுந்தான் என்னா கலந்தாலும் எனக்கு டிகிரி இல்லாமலேயே தெரியும்!"